காலி டியூபை அறுத்துப் பார்க்கும் வேலை

எங்கள் டாக்டரம்மாவின் மகள் இப்போது செம்பூரில் நடத்துகிற தோல் கிளினிக்குக்குப் போன மாதம் போயிருந்தேன். வைத்தியத்துக்காக இல்லை. நான் ரிட்டயராகி ஆறு வருஷமாகியும் பழைய ஃபைலில் ஏதாவது தேட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் சும்மா இருக்காமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்தாள். திரையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"அங்கிள், ஆறு சிட்டிங் முடிஞ்சா நீங்க இப்படி இருப்பீங்க."

பார்த்தேன். திரையில் என் மகன் இருந்தான். அவனுக்கும் அவ்வளவு நல்ல தோல் கிடையாது. வைத்தியம் தொடங்குவதற்கு முன்னாலேயே முடிவைக் காட்டிவிடுகிறார்களாம். வருகிறவர்களும் சும்மா வருவதில்லை, போனிலேயே தங்கள் முகத்தைத் துடைத்து மெழுகி எடுத்துக்கொண்டு வந்து, "என்னை இப்படி ஆக்கிடுங்க" என்கிறார்களாம். எனக்கு அங்கேயே ஓர் அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

கிளினிக்குக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள், மாதுங்காவில் பழைய டாக்டரம்மாவிடம் வேலை பார்த்த காலத்தைப் பற்றி இனிமையான நினைவுகளாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பெண்தான் கேட்டாள். தமிழில் எழுதினால் இங்கே யாருக்கு வாசிக்கத் தெரியும் என்றும் அவளே சொன்னாள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது. இனிமை மட்டும் கேட்காதீர்கள்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். பேர் மைதீன். பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்து மாமாவின் தோல்பைப் பட்டறையில் சேர்ந்தேன். பட்டறையில் பசை தடவுகிற வேலை. ஒரே வருஷத்தில் இரண்டு உள்ளங்கையும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. சோறு பிசையும்போது குழம்பு பட்டால் உயிர் போய்த் திரும்பும். தோல் பை தைக்க வந்தவனுக்கு உள்ள தோலும் போச்சு என்று பட்டறையில் சிரிப்பார்கள். மாமா என்னை மாதுங்காவுக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பசை வேலையை விட்டாத்தான் கை சரியாகும்" என்றார்.

"வேலைய விட்டா வயித்த யாரு பாக்கதும்மா?" என்று கேட்டுவிட்டேன். வாய்த் துடுக்கு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு வா" என்றார்.

அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பெருக்கினேன், சீட்டு எழுதினேன், களிம்பு கலந்தேன். நாலைந்து வருஷத்தில் கேமரா கைக்கு வந்தது. படிப்பு என்று சொன்னால் அவ்வளவுதான்.

டாக்டர் விசாலாட்சி பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார். நாற்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் அந்த "ம்" மட்டும்தான்.

நோயாளி உள்ளே வந்ததும் அவர் ஆளைப் பார்க்க மாட்டார். ஃபைலில் இருக்கிற போன தடவைப் படத்தைத்தான் முதலில் பார்ப்பார். "ஆள் சொல்றது அன்னன்னிக்கு மாறும். படம் மாறாது, ட்டோ" என்று பாலக்காட்டுப் பேச்சில் சொல்வார். அதனால் படம் எடுப்பதில் எனக்கு அவர் வைத்திருந்த சட்டம் கடுமையானது. ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். இரண்டு பல்பு, தரையில் பெயிண்ட் அடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். பின்னால் நீலத் துணி. பவுடரைத் துடைத்துவிட்டு, நேர்முகம், இடது, வலது என்று மூன்று படம். சிரிக்கக் கூடாது. கேமரா நிற்கிற முக்காலியிலிருந்து ஒரு நூல் கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை இழுத்துப் பிடித்தால் நோயாளியின் மூக்கு நுனியைத் தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே தூரம். பெரிய மனுஷர்களும் அந்த முடிச்சு மூக்கில் பட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்கள்.

இன்னொரு சட்டம் களிம்பு பற்றியது. ஒரு வீரியமான களிம்பு உண்டு. அந்த நாளில் அது கடையில் சுலபமாகக் கிடைக்காது, டாக்டரம்மாவே வரவழைத்துக் கிளினிக்கில் கொடுப்பார். கை கால் வெடிப்புக்கு அது அமிர்தம். முகத்தில் போட்டால் முதலில் தகதகவென்று நிறம் கொடுக்கும். பிறகு தோலை மெலிய வைத்து உள்ளே இருக்கிற நரம்பெல்லாம் தெரியும்படி செய்துவிடும். நிறுத்தினாலோ முகம் பழுத்துப்போகும். அதனால் காலி டியூபைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் புது டியூப். கொண்டுவந்த டியூபைக் கத்திரிக்கோலால் நெடுக அறுத்து, விரித்து, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வேறு எதையாவது அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்களா என்றும் பார்ப்பேன். ஏதாவது விசேஷம் தெரிந்தால் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் குப்பைக்கூடை. இந்த விஷயம் எங்கள் நோயாளிகள் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கண் முன்னால்தான் அறுப்பேன்.

இனி சேகர் சாரைச் சொல்ல வேண்டும்.

மாதுங்காவில் சபா நாடகம் போடுகிற குழுவில் அவர் கதாநாயகன். நாற்பத்தெட்டு வயதிலும் கதாநாயகன்தான். அப்பா வேஷத்துக்குக் கேட்டால் குழுவையே உடைத்துவிடுவார் என்று பயந்து யாரும் கேட்பதில்லை. நிஜமாகவே அழகன். அவர் உள்ளே வந்தால் கிளினிக்கில் சொறிந்துகொண்டிருக்கிறவர்கள்கூடச் சொறிவதை நிறுத்திவிடுவார்கள். மேக்கப் ஒத்துக்கொள்ளாமல் கன்னம் தடித்து ஒரு தடவை வந்தார். டாக்டரம்மா அந்தக் களிம்பை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தார். தடிப்பு போய் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இன்னும் ஒரு டியூப் வேண்டும் என்று வந்து நின்றார்.

"ஏழு நாள்னா ஏழு நாள்தான். முகத்துக்கு இது விஷமாக்கும்" என்று டாக்டரம்மா முடித்துவிட்டார்.

சேகர் சார் அவரிடம் வாதாடவில்லை. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மைதீன் பாய், நீ எடுத்த படத்தைப் பார்த்தேன். நோயாளிப் படம்தான், ஆனாலும் என்ன கை உனக்கு! நீ இங்க புண்ணைப் படம் எடுத்துண்டு உக்காந்திருக்க வேண்டியவனா?"

பதினைந்து வருஷமாக "ம்" மட்டும் கேட்டவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் விடுமுறை நாளில், டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் அவரை வரச் சொன்னேன். கிளினிக் கேமராதான், கிளினிக் அறைதான். ஆனால் ஜன்னலைத் திறந்தேன். வெள்ளைத் திரையை இழுத்துவிட்டேன். கயிற்றைச் சுருட்டி வைத்தேன். படத்தில் சாருக்குப் பத்து வயது குறைந்தது. அன்று காலையில்தான் மீசைக்கு மை போட்டிருந்தார். வலது கட்டைவிரல் நகமும் ரேகையும் கறுப்பாக இருந்தது. "எப்பவும் இந்த விரலாலதான் தேய்ப்பேன், போகவே மாட்டேங்கறது" என்றார். விரல் தெரியாமல் சால்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்தப் படம்தான் நாடக போஸ்டரில் வந்தது. கீழே பொடி எழுத்தில் 'படம்: மைதீன்' என்று இருந்தது. போஸ்டரைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாராவி வீட்டில் மாட்டினேன். "ஊரான் புருஷன் படத்த ஏன் என் வீட்ல மாட்டுதிய?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அவளுக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணில் படவில்லை. எனக்கு அது மட்டும்தான் பட்டது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி வத்சலா அம்மா கிளினிக்குக்கு வந்தார். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சார் எப்போதோ வேலையை விட்டுவிட்டு நாடகமே கதி என்று இருந்தார். அந்த அம்மா டைப் அடித்துத்தான் வீடு ஓடியது. இரண்டு கையும் வெடித்திருந்தது. நான் பசைப் பட்டறையில் பட்ட அதே வெடிப்பு. நீலத் துணியில் கையை விரித்து வைக்கச் சொல்லிப் படம் எடுக்கும்போது எனக்கே கை எரிந்தது. டாக்டரம்மா கையுறை, சோப்பு எல்லாம் சொல்லி, அந்த வீரியக் களிம்பைக் கொடுத்தார். "ஒரு மாசத்துல பாதி ஆறிடும்."

ஆறவில்லை. இரண்டாம் மாதம் படம் இன்னும் மோசமாக இருந்தது. மூன்றாம் மாதம் விரல் மடிப்புகளில் ரத்தம்.

"களிம்பு போட்டுக்கறேளா?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"போட்டுக்கறேன் டாக்டர்."

காலி டியூப் தவறாமல் வரும். வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருக்கும். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைப்பார். புது டியூப் எழுதுவார். சேகர் சார் சில சமயம் துணைக்கு வருவார். டாக்டரம்மா முன்னால் மட்டும் வர மாட்டார். உள்ளே அந்த அம்மாவின் கைக்கட்டைப் பிரிக்கும்போது அவர் வெளியே மருந்து அலமாரிக் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கன்னம் ஜொலித்தது. பவுடருக்கு அடியில் சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடியதையும் பார்த்தேன். அது எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினோராம் மாதம், அந்த அம்மா கொடுத்த டியூபை வாங்கினேன். வெள்ளை டியூபின் கழுத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. மீசை மை. சந்தேகப்படுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த விரலைச் சால்வைக்குள் மறைத்து வைத்தவனே நான்தானே.

கத்திரிக்கோல் கையில் இருந்தது. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து அடி தூரத்தில் டாக்டரம்மா. நான் எழுந்து போய்க் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சாரைக் கூப்பிட்டு விசாரித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு அடுத்த கணத்தில் வந்ததுதான் அசிங்கம். அடுத்த நாடகத்துக்கு எல்லாப் படமும் நீதான் என்று சார் சொல்லியிருந்தார். அந்தப் பொடி எழுத்து கண்ணில் நின்றது. டியூபை அறுத்தேன், விரித்தேன், கூடையில் போட்டேன். "காலியாத்தாம்மா இருக்கு" என்று சொன்னேன்.

அடுத்த மாதமும் ரேகை இருந்தது. அதற்கடுத்த மாதமும் இருந்தது. இரண்டையும் அப்படியே போட்டேன். கம்பெனியில் ஒரு மாதத்துக்குள் கை சரியாகாவிட்டால் டைப் வேலையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டதாக அந்த அம்மா என்னிடம் சொன்னது அந்த மூன்றாவது தடவையில்தான். "இந்த வெரல் இல்லேன்னா நான் இல்லை பாய்" என்று வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நான் புது டியூபில் தேதி எழுதிக் கொடுத்தேன்.

பதினான்காம் மாதம் அந்த விரலில்தான் சீழ் வைத்தது. முழங்கை வரை சிவப்புக் கோடு ஏறியிருந்தது. டாக்டரம்மா அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆள்காட்டி விரலில் முதல் கணு வரை எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் டைப் மிஷினிலிருந்து எழுப்பித் தபால் உறை பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

அன்று மாலை டாக்டரம்மா பதினான்கு மாதப் படங்களையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை களிம்புக்கு இந்தக் கை இப்படி இருக்கவே கூடாது. டியூபெல்லாம் நீதானே பார்த்தே மைதீன்?"

"ஆமா டாக்டரம்மா. எல்லாம் காலியாத்தான் வந்துச்சு."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அந்த அம்மா பேரில் களிம்பு போவது நின்ற இரண்டாவது மாதம் சேகர் சாரே வந்தார். மப்ளர் சுற்றியிருந்தார். அவிழ்த்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முகம் முழுக்கச் சிவந்து, வீங்கி, பருக்களாக வெடித்து, தொட்டால் ரத்தம் வரும்போல இருந்தது. டாக்டரம்மா அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் வத்சலா அம்மாவின் ஃபைலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"மைதீன், படம் எடு."

நீலத் துணி முன்னால் உட்கார வைத்தேன். பல்பைப் போட்டேன். அவர் கண் கூசி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைதீன் பாய், அந்த ஜன்னலைத் திறடா. அன்னிக்கு மாதிரி எடு. இது வேண்டாம்டா."

டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மாதுங்கா முழுக்க ஒட்டியிருந்த போஸ்டரை அவரும் பார்த்திருப்பார்தானே. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "முடிச்சு மூக்கைத் தொடறதான்னு பார்" என்றார்.

கயிற்றை இழுத்தேன். முடிச்சு அந்த மூக்கைத் தொட்டதும் அவர் அழுதார். நேர்முகம், இடது, வலது. மூன்று படம் எடுத்தேன். அவருக்காக எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பயமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா அவருக்கு வைத்தியம் பார்த்தார். எட்டு மாதம் பார்த்தார், ஒரு சொல் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் என் மேசையில் கத்திரிக்கோல் இல்லை. அது அவர் மேசையில் இருந்தது. அன்றிலிருந்து கிளினிக்கை மகளிடம் ஒப்படைக்கும் வரை காலி டியூபை அவரேதான் வாங்கி, அறுத்து, விரித்துப் பார்த்தார். நாற்பது பேர் காத்திருந்தாலும் அவரேதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். வேலையை விட்டு நீக்கியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு "ம்" வரவில்லை.

போஸ்டரை வீட்டிலிருந்து கழற்றிவிட்டேன். சீத்தா கேம்ப் வீட்டுக்குக் குடிபோகும்போது சட்டம் மட்டும் கூட வந்தது. அதில் இப்போது பேத்தியின் படம் இருக்கிறது.

மலருக்கு இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன வருஷம் சேகர் சார் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு மாதுங்காவுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். போகலாமா கூடாதா என்று ரயிலில் குர்லா வரை யோசித்துக்கொண்டே போனேன். எழுபது தாண்டியவர் இறந்திருக்கிறார், கூடத்தில் மாலை போட்ட படத்தில் சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்காரர் சிரிக்கிறார். நான் எடுத்த படம். வந்தவர்கள் எல்லாம் "என்ன களை, என்ன களை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வத்சலா அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கூட்டம் கலைந்ததும் காபி கொண்டுவந்து கொடுத்தார். தோல் நன்றாக ஆறியிருந்தது, வெடிப்பின் தடம்கூட இல்லை. டம்ளரைச் சுற்றி மூன்று விரல் முழுசாகவும் ஒன்று பாதியாகவும் இருந்தது. எதிரே உட்கார்ந்தார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். அவர் இருக்கறவரைக்கும் கேக்க முடியலை."

"கேளுங்கம்மா."

"வீட்டுல இருக்கற டியூபை அவர்தான் எடுத்துப்பார். எனக்குத் தேங்காய் எண்ணெயே போறும்பார். கட்டிண்டவரைப் பத்தி டாக்டர்ட்ட என் வாயால சொல்ல எனக்கு வரலை. நீங்க ஒவ்வொரு டியூபையும் அறுத்துப் பார்ப்பேள்னு தெரியும். அவர் வெரல்ல எப்பவும் மை இருக்கும். மொதல்லல்லாம் டியூபைத் துடைச்சுத்தான் கொண்டு வருவேன். அப்பறம் ஒரு மாசம் துடைக்கலை. வேணும்னேதான் துடைக்கலை. மூணு மாசம் அப்படியே கொண்டு வந்தேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்த ரேகை உங்க கண்ணுல பட்டுதா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்கோ."

"பட்டுச்சும்மா" என்றேன். "மூணு தடவையும் பட்டுச்சு."

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஏறக்குறைய முப்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ சரி பாய். நான்தான் உங்களுக்குச் சரியாத் தெரியும்படி காட்டலையோன்னு இத்தனை வருஷமா நெனச்சிண்டிருந்தேன்."